மிட்சுயோவின் மொராக்கோ சுவர்

கியோட்டோவில் சுவருக்கா பஞ்சம்? ஆனால் என் மனைவி மிட்சுயோ சுவர் பார்க்க மொராக்கோவுக்குப் போவாள். நான் இங்கே டாக்சி ஓட்ட, அவள் அங்கே மண் சுவரைத் தடவிக்கொண்டிருப்பாள். ஒட்டகம் பார்த்தாயா என்றால், "அதை யாரு பாத்தா?" என்பாள்.

அந்தச் சுவரைத்தான் அவள் வரைவாள், எங்கள் ஊர்ப் பழைய முறையில். மண்ணையும் கல்லையும் பொடித்து, மாட்டுத்தோல் பசையில் குழைத்து, தரையில் விரித்த காகிதத்தில் பூச்சுமேல் பூச்சாகப் பூச வேண்டும். எவ்வளவு பூசியும், காற்று அரித்த அந்தச் சொரசொரப்பு மட்டும் வரவே இல்லை. வசந்தகாலக் கண்காட்சியிலிருந்து படம் வருஷா வருஷம் திரும்பி வந்தது.

"இந்தத் தடவையும் திரும்பி வந்தா தூரிகையத் தொடவே மாட்டேன்" என்றாள். அவள் வீம்புக்குப் பேசுகிறவள் இல்லை.

பசை கெடாமலிருக்க அதைச் சமையலறை ஃபிரிட்ஜில்தான் வைப்பாள். பக்கத்தில் என் மீன் சாறு. பசையைப் போலவே அதுவும் குளிரில் உறையும்; சுடுசோற்றில் உருகினால் எனக்குச் சொர்க்கம். படம் அனுப்ப வேண்டிய அன்று காலை அதைப் போட்டுச் சாப்பிட்டேன். சப்பென்று இருந்தது.

அப்போதுதான் அலறல் கேட்டது. "ஏங்க! ஷிஜிமி படத்த நக்குதுங்க!"

ஷிஜிமி எங்கள் பூனை. கிண்ணத்தோடு ஓடினேன். மிட்சுயோ கிண்ணத்தை முகர்ந்து பார்த்தாள்.

"என்னத்தத் திங்கிறீங்க?"

"மீன் சாறு. உப்பே இல்ல."

"ஐயோ, அது என் பசை! அப்போ நேத்து கடைசிப் பூச்சுக்கு நான் கலந்தது?"

"என் மீனு" என்றேன்.

பூனையை விரட்டப் போனேன். "இருங்க!" என்று தடுத்தவள், மண்டியிட்டுப் படத்தோடு மூக்கை வைத்துப் பார்த்தாள். பூனை நாக்கு மேல்பூச்சைச் சுரண்டியிருந்தது. அடியிலிருந்த சிவப்பு அங்கங்கே எட்டிப் பார்த்தது, காற்று அரித்த சுவர் போலவே.

"மீன் சாறு மிச்சம் இருக்கா?"

"பசிக்குதா?"

"அந்த மூலைல பூசணும். ஷிஜிமியத் தூக்கிட்டு வாங்க."

"கிறுக்குப் பிடிச்சிருச்சா? படத்த எடுக்க மதியம் வண்டி வந்துரும்!"

"அதான் சொல்றேன், சீக்கிரம்! வெறும் மஞ்ச மண்ணுதான், பூனைக்கு ஒண்ணும் ஆகாது."

பூனைக்கோ வயிறு நிறைந்துவிட்டது. காலை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "அம்மா தாயே, இன்னும் ரெண்டே ரெண்டு நக்கு" என்று இந்த வயதில் ஒரு பூனையிடம் கெஞ்சினேன். மகாராணி மனமிரங்கினாள். பிறகு மிட்சுயோ, மண் உதிராமலிருக்க, மிச்சமிருந்த நல்ல பசையைத் தண்ணீரில் கரைத்து மேலே பூசி, படத்தை வண்டியில் ஏற்றினாள்.

இந்த முறை படம் திரும்பி வரவில்லை.

கண்காட்சியில் அதன் முன்னால் போய் நின்றேன். சுவர் பார்க்கவா இவ்வளவு தூரம் போகிறாய் என்று எத்தனை தடவை அவளைக் கேலி செய்திருப்பேன்! இப்போது எனக்கே அதைத் தடவ வேண்டும்போல இருந்தது. என்னை அறியாமல் கை நீண்டது.

"ஐயா, தொடக்கூடாது" என்றார் காவலாளி.

"பூனை நக்கலாம், நான் தொடக்கூடாதா?"

அவர் திருதிருவென்று விழித்தார். மிட்சுயோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வர, என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அடுத்த தடவ நீங்களும் வாங்க. அங்க தொட்டா யாரும் திட்ட மாட்டாங்க" என்றாள்.