ஒரு சோடியை இரண்டு தரம் எண்ணினவன்

கடதாசியும் பேனையும் இருந்தால் போதும் என்று நம்பித்தான் கோட்பாட்டு இயற்பியலுக்கு வந்தேன். தகரக் கொட்டிலில் இருந்து ஆராய்ச்சி செய்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால் என் எரிச்சல் புரியும்.

தொழில் விளக்கம்

புரோத்தன்களை மோதவிட்டால், கனமான குவார்க்கும் அதன் எதிர்க்குவார்க்கும் சேர்ந்த துகள்கள் சிலவேளை சோடியாகப் பிறக்கும். எத்தனை சோடி என்று, சோதனைக்காரர் அளந்து வெளியிடமுதல் நான் சொல்லவேண்டும். பிந்தினால் அதற்குப் பெயர் எதிர்வுகூறல் இல்லை, புலமைப்பரிசிலும் இல்லை. போர் முடிந்து மீள்குடியேறிய அப்பா அம்மாவுக்குத் துணையாக மன்னாருக்கு வந்திருந்த என்னிடம், பக்கத்து வளவு விக்ரர் அண்ணை கிழிந்த வலையைப் பொத்தியபடி இதையெல்லாம் கேட்டார்.

"கடலுக்குப் போற எங்களுக்கே எவ்வளவு மீன் படும் எண்டு தெரியாது. நீர் வீட்டில இருந்து சொல்லுறீரோ?"

மின்சாரம்

ஊரில் மாதா கோயிலுக்கு மட்டும்தான் ஜெனரேற்றர். அங்கே மடிக்கணினியைச் செருகிவிட்டு வந்தேன். நாள் முழுக்க ஓடவேண்டிய கணக்கு. பின்னேரம் போனால், ஒலிபெருக்கிக்காகச் செருகியைப் பிடுங்கியிருந்தார் கோயில் பார்க்கும் சூசை ஐயா. பழைய கணினி, பற்றரியும் செத்தது. அழுகை வந்தது.

"நவநாள் செபம் தொடங்கிற்றுது தம்பி. மாதாவைக் காக்க வைக்கேலுமோ? உம்மட பெட்டி பொறுக்கும்."

இரண்டு மடங்கு

மறுபடி ஓட்டினேன். அதே கணக்கை வேறு வழியில் செய்த நண்பன் ஒருவனின் விடையைவிட என் விடை சரியாக இரண்டு மடங்கு. மூன்று கிழமை தலையைப் பிய்த்தும் பிழை அகப்படவில்லை. பேராசிரியருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"வெள்ளிக்கிழமை அவங்கள் வெளியிடுறாங்கள். அதுக்குப் பிறகு எனக்கு அனுப்ப வேண்டாம்."

கந்தோர்

வியாழன் காலை, வீட்டுத்திட்டப் பட்டியலில் ஏதோ சிக்கல் என்று அம்மா என்னைக் கிராம சேவகர் கந்தோருக்கு இழுத்துப் போனார். இந்த நேரத்திலா என்று வழி முழுக்கப் புறுபுறுத்தேன். அப்பா வவுனியா முகாமில் பதிந்தபோது மனைவி என்று அம்மாவை எழுதியிருந்தார். அம்மா மன்னாரில் பதிந்தபோது கணவர் என்று அப்பாவை. பட்டியலில் இரண்டு குடும்பம். "முன்னுக்குப் பின்னுக்கு மாத்தி எழுதினாலும் சோடி ஒண்டுதானே அம்மா!" என்று கிராம சேவகர் சலித்துக்கொண்டார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் துகள்கள் இரண்டும் ஒரே வகை. இது இங்கே, அது அங்கே என்று ஒருதரம். இடம் மாற்றி இன்னொருதரம். ஒரே சோடியை இரண்டு தரம் எண்ணியிருக்கிறேன்! வீட்டுக்கு ஓட எழும்பினபோது, ஏன் அவர் பெயரையும் எழுதினீங்கள் என்று கிராம சேவகர் அம்மாவிடம் கேட்டார்.

"அவர் உயிரோட இருக்கிறாரோ எண்டு அப்ப தெரியாது ஐயா. எழுதி வச்சால் இருப்பார் எண்டு நினைச்சனான்."

அன்றைக்கே விடையை இரண்டால் வகுத்து அனுப்பி ஒருநாள் முந்திக்கொண்டேன், ஆனால் அதே பிழையைச் செய்ய என்னிடம் அம்மாவுக்கு இருந்ததுபோல் ஒரு காரணமும் இருக்கவில்லை.