நைட்டி போட்டுப் பால் கொடுத்த காலை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன், எழுத்து பழக்கமில்லை என்பது ஒரு காரணம். ஆண்பிள்ளை இதையெல்லாம் வெளியே சொல்வதா என்ற கூச்சம் இன்னொன்று. ஆனால் நான் சொல்லாமல் இருந்ததால் மற்றவர்கள் வேறு மாதிரி சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன். முருகன் துணை.

நாங்கள் ஈரோட்டுப் பக்கம். பிழைப்புக்கு வந்தது செகந்திராபாத் பக்கம். நான் ராமச்சந்திராபுரத்தில் ஒரு ஃபாக்டரியில் ஒப்பந்த வெல்டர். குடியிருப்பது குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில், மூன்றாவது மாடி. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது என் மனைவிக்குக் கழுத்தில் கட்டி என்று தெரிந்து அறுத்து எடுத்தார்கள். மிச்சம் இருப்பதைப் பொசுக்க ஒரு மருந்து குடிக்க வேண்டும் என்றார் டாக்டர். குடித்த பிறகு கொஞ்ச நாள் உடம்பிலிருந்து கதிர் வீசும், குழந்தையின் பக்கத்திலேயே போகக் கூடாது. அதற்கு வெகு முன்பே தாய்ப்பாலை நிறுத்திவிட வேண்டும். நிறுத்தினால் நிறுத்தியதுதான், இந்தக் குழந்தைக்கு மறுபடியும் கொடுக்க முடியாது.

ஆட்டோவில் ஏறியதும் அவள் சொன்னாள்.

"இவ பாட்டில் குடிக்கற வரைக்கும் நான் மருந்துக்குத் தேதி வாங்க மாட்டேனுங்க."

"டாக்டர் சீக்கிரம்னு சொன்னாரே."

"சொல்லட்டும். புள்ளையப் பட்டினி போட்டுட்டு நான் என்ன மருந்து குடிக்கறது?"

அந்த நேரம் எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அழுகையும் வரவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன். சாப்பாட்டில் உப்பு குறைவு என்று அவள் சொன்னால்தான் எனக்குத் தெரியும். காலையில் குளித்துத் திருநீறு பூசி விளக்கு வைப்பதை மட்டும் விடவில்லை. வேண்டிக்கொண்டேனா என்றால், இல்லை. நின்றேன், அவ்வளவுதான்.

பாட்டில், பவுடர் பால் டப்பா எல்லாம் வாங்கி வந்தோம். ஆபரேஷன் அன்று பாலாடையில் கொடுத்துப் பார்த்திருந்தோம். பாதி வாயில் போனது, பாதி கழுத்தில் வழிந்தது. ஒரு நாளைக்குச் சரி, மாதக்கணக்கில் ஆகாது.

அம்மா கையில் இருந்தால் குழந்தை மார்பைத்தான் தேடும், அதனால் நான்தான் கொடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லியிருந்தார். லீவு போட்டேன். காலையில் பாட்டிலைக் கொதிக்க வைத்து எடுத்து, பாலைக் கலக்கி, சாமி அலமாரியில் முருகன் காலடியில் வைத்தேன். சாம்பிராணி போட்டேன். பாட்டில் மேலேயும் கொஞ்சம் திருநீறு தடவினேன். அதற்குப் பிறகுதான் பிள்ளையை மடியில் எடுத்தேன். அவள் நிப்பிளை நாக்கால் ஒரு தடவை தொட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்த ஆரம்பித்தாள். மத்தியானமும் அதே. மறுநாளும் அதே. கடைசியில் என் மனைவி வந்து பிடுங்கிக்கொண்டு மார்பில் போட்டுக்கொள்வாள். உடனே வீடு அமைதியாகிவிடும்.

சூடு பார்ப்பதும் ஒரு தொல்லை. மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கச் சொன்னார்கள். வெல்டிங் பொறி பட்டுப் பட்டு என் மணிக்கட்டில் சூடு உறைக்காது. அதையும் அவள்தான் பார்த்துத் தர வேண்டியிருந்தது.

எதிர் வீட்டுப் பெண் தமிழ்தான். செகந்திராபாத் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவள், பேச்சில் அந்த ஊர் உருது கலந்திருக்கும்; நக்கோ என்றால் வேண்டாம், கைக்கு என்றால் எதுக்கு. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள்.

"நக்கோ அண்ணா, நக்கோ. கைக்கு இப்படி வாயில திணிக்கிறீங்க? பாப்பா என்ன மிஷினா?"

எனக்குக் கோபம்கூட வரவில்லை.

அன்று சாயங்காலம் என் மனைவி அந்தப் பாட்டிலை எடுத்து மோந்து பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து மோந்தாள்.

"ஏனுங்க, ரப்பர் பூரா சாம்பிராணி வாசம். உங்க கையில கற்பூரம். அவளுக்கு என்ன சாமியா தெரியும்? என் வாசம்தான் தெரியும்."

"அதுக்கு என்ன பண்றது?"

அவள் யோசித்தாள். "என் நைட்டியப் போட்டுக்குங்க."

நான் அவளைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. கழுத்தில் தையல் போட்ட தடம் அசைந்தது.

மறுநாள் காலை சாமி கும்பிடவில்லை. கையைச் சோப்பு போட்டு இரண்டு தரம் கழுவினேன். அவள் இரவெல்லாம் உடுத்தியிருந்த நீலப் பூப் போட்ட நைட்டியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, புடவை கட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். எனக்கு அது தோளில் பிடித்தது, முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. பால்கனி வழியாகப் பார்த்தேன். கீழே தண்ணீர்த் தொட்டி மூடிமேல் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சூடு பார்த்துத் தர ஆளில்லை. யோசித்துவிட்டு என் கழுத்தில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டேன். அங்கே தெரிந்தது. வெதுவெதுப்பு சரியாக இருந்தது.

பிள்ளை முதலில் அழுதாள். பிறகு நைட்டியின் மார்புப் பக்கம் மூக்கை வைத்துத் தேய்த்தாள். தேடினாள். அந்த நேரம் பார்த்து நிப்பிளை உதட்டோரம் வைத்தேன். கடித்தாள், விட்டாள், மறுபடி பிடித்தாள். பாட்டிலுக்குள் ஒரு குமிழி மேலே ஏறியது. பிறகு இன்னொன்று.

கதவு லேசாகத் திறந்தது. எதிர் வீட்டுப் பெண்.

"அழுகை நின்னுபோச்சேன்னு பார்க்க வந்தேன்..." என்றவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அக்காவுக்கு எப்ப மீசை மொளைச்சது?"

நான் அசையவில்லை. அவள் பாட்டிலைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, "ஹவ், ஆமா, குடிக்குது அண்ணா" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். அவள் செருப்புச் சத்தம் படியில் இறங்கியது.

அவள் கீழே போய்ச் சொல்லியும் என் மனைவி உடனே மேலே வரவில்லை. பிள்ளை குடித்து முடித்துத் தூங்கிய பிறகுதான் வந்தாள். அவள் ஜாக்கெட் முன்பக்கம் பால் கசிந்து முழுக்க நனைந்திருந்தது.

"குடிச்சுட்டாளா?"

"குடிச்சுட்டா."

"நைட்டியக் கழட்டுங்க, துவைச்சுடறேன்." உடனே, "வேண்டாம். துவைச்சா வாசம் போயிரும். மத்தியானத்துக்கும் வேணுமே" என்றாள். கொஞ்சம் நின்றுவிட்டு, "டாக்டருக்குப் போன் போடுங்க" என்றாள்.

சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. போன் போட்டேன். அவ்வளவுதான்.

பால் வற்றியது, மருந்து குடித்தாள், தனியாக இருந்தாள், திரும்பி வந்தாள். இன்று நன்றாக இருக்கிறாள். மகள் பள்ளிக்கூடம் போகிறாள். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிறாள்.

எங்கள் சஷ்டி பூஜைக்கு வருகிறவர்களிடம் இது எப்படியோ பரவியது. பரவும்போது நைட்டி காணாமல் போனது. முருகன் காலடியில் பாட்டிலை வைத்தேனாம், சாமி கனவில் வந்து சொன்னானாம், பிள்ளை மடமடவென்று குடித்ததாம். கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். மறுத்துச் சொல்லவும் கூச்சமாக இருந்தது. போன மாதம் பூஜைக்கு வந்த ஒரு தம்பி, பாட்டில் எடுக்காத தன் பிள்ளைக்கும் சாம்பிராணி போட்டுக் காத்திருப்பதாகச் சொன்னான். பிள்ளை வாடிப்போயிருந்தது. அவனைத் தனியாகக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு முருகன்மேல் குறை ஒன்றும் இல்லை. தினமும் விளக்கு வைக்கிறேன். அவளுக்கு அந்த யோசனையைக் கொடுத்தவன் அவன்தான் என்று நம்புகிறேன். ஆனால் அவன் கனவில் வரவில்லை. அவன் செய்யாததை அவன் பேரில் எழுத எனக்கு மனசு வரவில்லை.

பாட்டில் எடுக்காத பிள்ளை இருக்கும் வீடு தெரிந்தால் இதைச் சொல்லுங்கள். கனவைச் சேர்க்காதீர்கள். நைட்டியை விட்டுவிடாதீர்கள். மீசையையும்தான்.