சுவரில் ஏற்றிப் போட்ட கோடு

1997 நவம்பர் 12, புதன்கிழமை, காலை ஐந்தே முக்கால். மூன்றாம் நாளாக விடாத மழை. கூரை ஒழுக்குக்குக் கீழே வைத்த சட்டியில் விழுந்த துளிகளை வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பத்தொன்றில் நாக்குக் குழறியது. நாற்பத்திரண்டு வரவே இல்லை. வலது கை பாயில் கிடந்தது. அது என்னுடையது என்ற உணர்வு இல்லை.

பாரிசவாதம் (மூளைக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டு உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது). வாவியின் மேற்குக் கரையான எங்கள் படுவான்கரையிலிருந்து அதைக் கடந்து ஆஸ்பத்திரிக்குப் போக ஐந்து மணி நேரம். அதில் இரண்டே கால் மணி நேரம் துறையடி இராணுவச் சோதனைச் சாவடியில் போனது. இரு கைகளையும் உயர்த்தச் சொன்னார்கள். ஒன்றுதான் உயர்ந்தது. துவக்குக் குழல் நெஞ்சுக்கு நேரே வந்தது. என் மனைவி பூமணி மற்றக் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள்.

பேச்சு பத்தொன்பது நாளில் திரும்பியது. நடை ஏழு வாரத்தில். கை திரும்பவில்லை. எனக்கு வேண்டியதெல்லாம், யாரும் தூக்கிவிடாமல் அந்தச் சாவடியில் இரண்டு கையையும் உயர்த்துவது. அறுபத்தெட்டு வயதில் வேறு ஆசை இல்லை.

தை மாதம் திலகா வந்தாள். இயன்மருத்துவம் (பயிற்சியாலும் தொடுகையாலும் உறுப்புகளை மீளப் பழக்கும் சிகிச்சை) படித்தவள். முதுமாணிப் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். சிகிச்சையாளர் போக முடியாத ஊர்களில் நோயாளர் தாமே பயிற்சி செய்து தேற முடியுமா என்பது அவளுடைய கேள்வி. முதல் எட்டு வாரம் செவ்வாய்தோறும் ஊர் மருந்தகத்துக்கு வந்து கையைப் பழக்குவாள். அடுத்த எட்டு வாரம் வரமாட்டாள். நோயாளர் நாங்கள் பதினான்கு பேரும் அவள் தந்த பயிற்சித் தாளைப் பார்த்துச் செய்து, கை எட்டும் உயரத்தைச் சுவரில் கோடிட்டு அளந்து கொப்பியில் எழுதவேண்டும். அதன் பிறகு செவ்வாய்ச் சிகிச்சை தொடரும் என்பது பேச்சு.

அவள் பழக்கியதில் கை முப்பத்தெட்டு அங்குலத்திலிருந்து ஐம்பத்தொன்றுக்கு ஏறியது.

அவள் வராத வாரங்களில் நாளுக்கு நூற்றைம்பது தடவை தூக்க வேண்டும். முதல் வாரம் செய்தேன். பிறகு நோவு, ஷெல் சத்தம், சலிப்பு. நாற்பதைத் தாண்டவில்லை. கொப்பியில் நூற்றைம்பது என்றே எழுதினேன். சுவரில் ஐம்பத்தெட்டில் கோடு போட்டேன். முப்பத்திரண்டு வருடம் நில அளவைக் கந்தோரில் படம் வரைந்தவன் நான்.

"இஞ்ச பாருங்க, உங்கட கை இந்தக் கோட்டுக்கு எட்டாதே" என்றாள் பூமணி.

"அந்தப் பிள்ளை பாஸ் பண்ணட்டும். தோணியிலயும் வெயிலிலயும் வந்துபோனவள்."

"பிள்ளைக்காகவா, உங்கட நல்ல பேருக்காகவா?"

"நீ உலைய வை."

ஆவணியில் திலகா வந்தாள். முகம் நன்றாக இல்லை.

"ஐயா, உங்கட கொப்பியத்தான் முதல்ல காட்டினன். எல்லாரும் மெச்சினாங்க. மறுகா, தாள் குடுத்தாலே போதும், வாவியைக் கடந்து ஆள் அனுப்பத் தேவையில்ல எண்டு மேல முடிவெடுத்திட்டாங்க. கையைத் தூக்குங்க, பாப்பம்."

தூக்கினேன். அளவுநாடாவை வைத்தாள். மறுபடியும் வைத்தாள்.

"நாற்பத்தொன்பது. நீங்க எழுதினது ஐம்பத்தெட்டு."

"உனக்கு உதவியா இருக்கும் எண்டு நினைச்சன், மகள்."

"சுகம் வருமா எண்டுதானே ஐயா நான் கேட்டன். வரல்ல எண்டு எழுதியிருந்தாலும் எனக்குப் பாஸ்தான். கிழமைக்கு ஒருக்கா ஆள் வேணும் எண்டு அதை வச்சே காட்டியிருப்பன்."

அவள் ஆய்வைத் தானே திரும்பப் பெற்றாள். எல்லோரையும் மீண்டும் அளந்தாள். பதினான்கு பேரில் ஒன்பது பேர் கோட்டை ஏற்றிப் போட்டிருந்தோம். எல்லோருக்கும் அவள்மேல் அன்பு. அவளுடைய பட்டம் தள்ளிப்போனது. செவ்வாய்ச் சிகிச்சைக்கு மறுபடி அனுமதி கிடைத்தது அடுத்த பங்குனியில்தான். அதற்குள் என் தோள்மூட்டு இறுகிவிட்டது (அசையாத மூட்டைச் சுற்றியுள்ள தசைநார்கள் சுருங்கிப்போவது). "இனி வேதனை குறைக்கலாம் ஐயா. உயரம் கூட்டேலாது" என்றாள்.

இதே நோயோடு இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். எண்ணிக்கை கேட்டால் உள்ளதை எழுதுங்கள். மரியாதை செய்ய விருப்பமென்றால் ஒரு இளநீர் வெட்டிக் கொடுங்கள்.

என் இடது கைக்கு இப்போது எழுபது வயது. வலது கை இன்னும் அந்த வருடத்திலேயே நிற்கிறது. சட்டை போடும்போது அதற்காகக் காத்திருக்கிறேன். அவளுடைய பதினாறு வார ஆராய்ச்சி முடிந்த நாளிலிருந்து அனுமதி வந்த நாள்வரை கலண்டரில் எண்ணிப் பார்த்தேன். சிகிச்சை இல்லாத நாற்பத்துமூன்று செவ்வாய்க்கிழமைகள்.