உடன் உண்பவர்

கயத்தாற்றில் பேருந்துக்குக் காத்திருக்கிறேன். கரிசல் வெளியின் காற்று தேநீர்க் கடையின் கீற்றைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. நிழலில் என்னையும் ஓர் அம்மாளையும் தவிர எவருமில்லை. பசுவந்தனையைச் சேர்ந்த அவர் கணவரை இழந்தவர். பெங்களூரில் தனித்து வாழும் மூதாட்டி ஒருவருக்குத் துணையாக இருக்கப் போகிறார். வேலையின் ஆங்கிலப் பெயரைத் தவறாகச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று அஞ்சுகிறார்.

“கம்பானியன்னு சொல்லுதேன். சரிதானா அண்ணாச்சி?”

மூன்றே அசைகள்தாம், கம்-பேன்-யன், நடு அசையை அழுத்த வேண்டும் என்கிறேன்.

“பேனை அழுத்தணுமா? அது நமக்குப் பழகுன வேலைலா!”

நானும் சிரிக்கிறேன். லத்தீன் மொழியில் ‘கூட’ என்பதும் ‘ரொட்டி’ என்பதும் சேர்ந்து பிறந்த சொல் அது. உடனிருந்து உண்பவர் என்பதே மூலப் பொருள் என்று சொல்கிறேன். அவர் சிரிப்பு நின்றுவிடுகிறது.

“அப்ப அந்தம்மா என்னையப் பக்கத்துல வச்சுச் சாப்பிடுவாவளா? எங்க வீட்டுல அவிய போன பொறவு ஒத்தையில தின்னா எறங்க மாட்டேங்கு.”

அவர் பையிலிருந்து சோற்றுப் பொட்டலத்தை எடுக்கிறார். அருகிலிருப்பவரை அழைக்காமல் இங்கே எவரும் பொட்டலம் பிரிப்பதில்லை.

“சாப்பிட வாங்க அண்ணாச்சி.”

காலையிலிருந்து உண்ணாத நான், வழக்கம்போல, “இப்பத்தான் ஆச்சு” என்கிறேன். பொட்டலத்தில் தளர்த்திய நூலை அவர் மீண்டும் இறுக்கிச் சுற்றுகிறார்.

அவருடைய பேருந்து வருகிறது. பிரிக்காத பொட்டலம் மடியிலிருக்க, சன்னலோரத்தில் அவர் உதடுகள் அந்த மூன்று அசைகளைச் சொல்லிப் பார்க்கின்றன.