பெத்லகேமில் துருப்பிடித்த டாங்கி

போன கிழமை என் அக்காவின் மகன் தொலைபேசியில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ ஒரு வெள்ளைக்காரர் உள்ளங்கை அளவான யுத்த டாங்கிக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார். முதலில் துருநிறம். அதன்மேல் ஈரம் காட்டி உப்புக்கல் தூவினார். பிறகு பச்சை. பச்சை காய்ந்ததும் தூரிகையால் தேய்க்க உப்பு உதிர்ந்து, அந்த இடமெல்லாம் துரு எட்டிப் பார்த்தது. "நல்ல ஐடியா என்ன, மாமா?" என்றான். "இதை நாங்கள் எங்கட ஊர் பள்ளிமுனையில எப்பவோ செய்திட்டம்" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டான். மாமாமார் புளுகுவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். நீங்களாவது நம்புங்கள்.

தொலைபேசியில் மணம் வராது. ஆனாலும் அன்று முழுக்க என் மூக்கில் டர்பன்டைன் மணத்தது. யுத்த காலத்தில், என் இருபதுகளில், நான் மன்னார் பட்டினத்தில் ஒரு பெயின்ற் கடையில் வேலைக்கு நின்றேன். கடை என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. சாமான் வருவதற்குப் பாதை திறக்க வேண்டும், ஆமிக் காம்ப்பில் அனுமதி கிடைக்க வேண்டும். தட்டுகளில் பாதி வெறும் ரின்கள்தான், நிரம்பியிருப்பதுபோல் காட்ட முன்னால் அடுக்கியிருப்போம். வள்ளங்களுக்குப் பூசும் நீலமும் மஞ்சளும், அடிப்பூச்சுக்கான காவி நிறப் பெயின்றும் மட்டும் எப்படியோ இருக்கும். ஆனால் நான் பெரிய ஓவியர் என்ற நினைப்பில் திரிந்தேன். கலியாண வீட்டுக்குப் போனாலும் சட்டையில் ஒரு சொட்டுப் பெயின்ற் தெரியும்படி போவேன். யாரும் கேட்கவில்லை என்பது வேறு கதை.

மார்கழி பிறந்தால் எனக்கு மவுசு வந்துவிடும். நத்தாருக்குக் கோயிலில் வைக்கும் பாலன் குடிலுக்கு ஆள் தேவை. மலைகளுக்குச் சீமெந்துப் பைக் கடதாசிதான் வழக்கம். சீமெந்துக்கே தடை என்றபடியால் நாங்கள் பழைய சாக்குகளைக் கசக்கி, கரி பூசி மலையாக்கினோம். ஊரடங்கு என்பதால் நடுச்சாமப் பூசையைப் பின்னேரம் ஐந்து மணிக்கே வைத்துவிடுவார்கள். உலகமெல்லாம் இரவில் பிறந்த பாலன், எங்கள் ஊரில் மட்டும் வெயில் தாழமுன்னரே பிறந்துவிடுவார். அதையும் பழகிக்கொண்டோம்.

அந்த வருடம் பாடகர் குழுவின் தலைவி ஸ்ரெல்லா ஒரு யோசனை சொன்னாள். "ஒவ்வொரு வருசமும் அதே மாடு, அதே கழுதை. இந்தமுறை எங்கட ஊர் மாதிரி ஒண்டு வைப்பம்." அவளுடைய தம்பி அன்ரன் வள்ள இயந்திரம் திருத்துகிறவன். அவன் ஒரு டாங்கி செய்துகொண்டு வந்தான். மீன் ரின்தான் உடம்பு. சைக்கிள் செயின்தான் சில்லுப்பட்டி. குடைக்கம்பி குழாய். இடையர்களின் வயல் ஓரத்தில் அது கைவிடப்பட்டுக் கிடக்க வேண்டும். மேலே ஓர் ஆடு படுத்திருக்கும், திறந்த மூடிக்குள் ஒரு கோழி அடைகாக்கும். சண்டை முடிந்துவிட்டது, பாலன் வந்துவிட்டார். அவ்வளவுதான் அதன் அர்த்தம்.

ஃபாதர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வைக்கிறதெண்டால், பாத்த உடன இது செத்தது எண்டு தெரியவேணும். தெரியாட்டி வைக்காதேங்கோ" என்றார். எல்லோருக்கும் விளங்கியது. அன்ரனை அதற்கு முந்தின வருடம் ஆமியின் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போய், ஊரே அலைந்துதான் மீட்டிருந்தோம். திருநாளுக்கு ஆமிக்காரரும் குடில் பார்க்க வருவார்கள். டாங்கி உயிரோடு நின்றால், யார் செய்தது, எதைப் பார்த்துச் செய்தது என்று கேள்வி வரும். இரண்டாம் தரம் பிடிபட்டுப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வரவில்லை.

ஸ்ரெல்லா டாங்கியை வாங்கித் தம்பியிடமே நீட்டினாள். "நான் வாய் திறந்ததுதான் பிழை. எடுத்துப்போடு தம்பி, அம்மா பட்டது காணும்." அன்ரன் மாட்டேன் என்றான். "எடுக்கமாட்டன் அக்கா. ஒரு நாளைக்கு இது இப்பிடிக் கிடக்கும் எண்டு நினைக்கவும் விடமாட்டியளோ?" இருவரும் என்னைப் பார்த்தார்கள். பெரிய ஓவியர் தூரிகையைத் தேடி எடுத்தார்.

பச்சைப் பெயின்ற் வாங்கப்போனாலே ஏன் என்று ஆமி கேட்கும் காலம். மாதா சுரூபத்துக்கு எடுத்து வைத்த நீலத்தையும் மஞ்சளையும் கலந்து, விளக்குக் கரி சேர்த்து, ஒரு பச்சை செய்தேன். முதல் பூச்சு முடிந்ததும் டாங்கி கலியாண மாப்பிள்ளைபோல் மினுங்கியது. ஸ்ரெல்லா பார்த்துவிட்டு, "ஐயோ, இது இப்பவே வெளிக்கிடும் போல இருக்கு" என்றாள். சுரண்டிவிட்டு மறுபடி காவியில் தொடங்கினேன். அது காயமுன்னர், ஸ்ரெல்லா வீட்டில் கருவாடு போடும் பலகையில் தெரியாமல் போட்டு உருட்டிவிட்டேன். உடம்பெல்லாம் உப்புக்கல் ஒட்டிக்கொண்டது. அலுப்பில் அப்படியே மேலால் பச்சை அடித்தேன். அடுத்த நாள் உப்பைத் தட்டிவிட்டபோதுதான் அதிசயம் நடந்தது. கண்டுபிடிப்பு என்று நான் பெருமைப்படுவது இதைத்தான்.

பிறகு மூவருக்கும் வெறி பிடித்துவிட்டது. வேலிப் படலையின் பிணைச்சலில் சுரண்டிய உண்மையான துருவை முருங்கைப் பிசினில் குழைத்து அப்பினோம். புகைபோக்கிக்குக் கரி. செயினுக்குள் கீரி என்ற ஊர்க் கடற்கரை மணல். ஆனால் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் துருவைத் தடிப்பாகப் போட்டோம். மறுபக்கம் மெல்லிய மங்கல், அவ்வளவே. யாரும் யோசித்துச் செய்யவில்லை. எங்கள் ஊரில் யன்னல் கம்பி, படலை, சைக்கிள் எல்லாம் கடலைப் பார்த்த பக்கம்தான் முதலில் தின்னப்படும். இரும்பு என்றால் அப்படித்தான் சாகும் என்று நினைத்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

பூசை முடிந்ததும் ஆமிக்காரர் வந்தார்கள். அதிகாரி வாசலில் நின்று ஃபாதரோடு கதைத்தார். ஒருவன் மட்டும் தொப்பியைக் கழற்றி, சிலுவை போட்டுக்கொண்டு, குடிலருகே குந்தினான். எங்கள் வயதுதான் இருக்கும். மாட்டைப் பார்த்தான், கழுதையைப் பார்த்தான், டாங்கியில் நின்றுவிட்டான். ஸ்ரெல்லா என் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டாள். அன்ரன் அசையாமல் நின்றான்.

அவன் விரலால் டாங்கியைத் தொட்டு, உடைந்த தமிழில், "இது கடல் துரு" என்றான். "எங்க ஊர்லயும் இப்பிடித்தான், ஒரு பக்கம். சிலாபம் பக்கம் நான்." பிறகு சிரித்தான். "பெத்லகேம்ல கடல் இருக்கா?"

எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. அன்ரன்தான் வாய் திறந்தான். "எங்கட பெத்லகேமில இருக்கு."

"எத்தனை வருசமா இங்க கிடக்கு?"

"பத்து வருசம்."

அவன் ஆட்டையும் கோழியையும் பார்த்தான். "பத்து வருசத்துக்கு இந்தத் துரு காணாது. இன்னும் போடு" என்றான். வாசலிலிருந்து அதிகாரி, அங்கே என்ன என்று சிங்களத்தில் கேட்டார். அவன் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டே, "பரண யக்கட, சேர்" என்றான். பழைய இரும்பு. அதிகாரி எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அவர்கள் போனதும் ஸ்ரெல்லா நிலத்தில் குந்தியிருந்து அழுதாள். அன்ரனோ பிசின் எங்கே என்று தேடினான். திருநாட்கள் முடியும்வரை நாங்கள் துரு போட்டுக்கொண்டேயிருந்தோம். அந்தப் பொடியனை மறுபடி காணவில்லை. பெயரைக் கேட்காமல் விட்டது எனக்கு இன்றைக்கும் மனவருத்தம். அவன் வீடு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். அந்த டாங்கியும் இல்லை, சாக்கு மலையும் இல்லை. பூசை இப்போது மறுபடியும் நடுச்சாமத்தில்.

சண்டை முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, ஓர் இயந்திரம் திருத்த அன்ரனோடு முசலிப் பக்கம் போனேன். அங்கே ஒரு வீட்டு வளவில் கவச வண்டி ஒன்று கைவிடப்பட்டுக் கிடப்பதாக அவன் முந்தியே கேள்விப்பட்டிருந்தான். எங்கள் துரு சரியா பிழையா என்று பார்க்க வேண்டுமாம். இத்தனை வயதிலும் அவனுக்கு அது முடியாத கணக்கு. விசாரித்துப் போனால் அது ஒரு முஸ்லிம் பெரியவரின் வளவு; காக்கா என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். தொண்ணூறில் புலிகளால் குடும்பத்தோடு துரத்தப்பட்டு, புத்தளத்தில் அகதியாக இருந்து, திரும்பி வந்தவர். "வாங்க தம்பிமார், இருங்க" என்று கதிரை போட்டார். உள்ளேயிருந்து தேத்தண்ணீரும் வட்டிலப்பமும் வந்தன. எங்கோ ஒரு குழந்தை குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தது.

"அதுவா? நாங்க வந்த கையோட இரும்பு பொறுக்கிறவங்க வெட்டி ஏத்திட்டுப் போயிட்டாங்க" என்றார் அவர்.

துருப்பிடிக்கக்கூட விடவில்லை. செத்ததென்று காட்டப் பத்து வருடத் துரு தேடிய எங்கள் பயத்தை நினைக்க எனக்குச் சிரிப்பு வந்தது.

அன்ரன் விடவில்லை. "எந்த இடத்தில கிடந்தது, காக்கா?"

"இப்ப நீங்க இருக்கிறீங்களே, இந்த இடத்திலதான்."

அன்ரன் எழுந்து, கதிரையைத் தள்ளிவிட்டு, குனிந்து பார்த்தான். நல்ல வழுவழுப்பான சீமெந்துத் தரை. காலையில் கழுவியிருந்தார்கள், இன்னும் குளிர்ந்திருந்தது.