மருந்துக்குக்கூட வண்டு கிடையாது

மூன்று மாதத்துக்கு முன் வண்ணார்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். எதற்கு? வண்டுக்கு.

சிரிக்காதீர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான் — இதை இந்தப் பக்கத்தில் பலமுறை பீற்றிக்கொண்டாயிற்று. இப்போது எம்.ஃபில். செய்கிறேன். பயறைத் துளைக்கும் வண்டை விதைகளில் இருக்கும் புரதத்தாலேயே தடுக்க முடியுமா? இதுதான் என் ஆராய்ச்சி. நானே அடம்பிடித்து வாங்கிய தலைப்பு. அந்த மாத முடிவுக்குள் உயிருள்ள வண்டு கிடைக்காவிட்டால் வேறு தலைப்புதான் என்று பேராசிரியை சொல்லிவிட்டார்.

பயறு விற்கிற ஊரில் வண்டுக்கா பஞ்சம் என்று நினைத்தேன். பஞ்சம்தான்... ஒரு கடையிலும் இல்லையாம்.

கடைசியாக ஒரு மளிகைக் கடை. "வண்டு விழுந்த பயறு இருக்கா அண்ணாச்சி?"

அண்ணாச்சி தராசைக் கீழே வைத்தார். "ஒன்ன யாரு அனுப்புனா? சோதனை போடுத ஆபீசரா?"

"யாரும் அனுப்பல. படிப்புக்கு வேணும். வெலைக்கே தாங்க."

"ஏ தாயி, வண்டு வாங்கவா ஒங்கய்யா ஒன்னக் காலேசுக்கு அனுப்புதாரு?" சாமான் வாங்க நின்றவர்கள் சிரித்தார்கள். "எங் கடையில மருந்துக்குக்கூட வண்டு கெடையாது. இந்தா, பாசிப்பயறு. மொதத் தரம். கொண்டுபோயி வச்சுப் பாரு."

ரோஷத்தில் வாங்கி வந்துவிட்டேன். பாட்டிலில் கொட்டி, துணியால் வாய் கட்டி, அலமாரியில் வைத்தேன். மாதம் முடியப் போகிற நேரத்தில் பார்த்தால் பயறெல்லாம் ஓட்டை. வண்டுகள் துணியில் முட்டிக்கொண்டிருந்தன.

அந்தப் பயறைப் பொறுத்தவரை அண்ணாச்சி பொய் சொல்லவில்லை. வயலிலேயே காயின் மேல் முட்டை விழுந்துவிடும். புழு பயறுக்குள்ளேயே வளரும். வெளிப்பார்வைக்கு முதல் தரம்தான் — நம் வீட்டுப் பெருமைகள் சிலவற்றைப் போல.

புன்னக்காயல் கடற்கரை மணலில் படரும் காட்டு அவரையின் விதையிலிருந்து புரதத்தைப் பிரித்தேன். பயத்தமாவில் கலந்து, காலி கேப்ஸ்யூல்களில் அடைத்தேன். வண்டு அதையும் பயறு என்று நம்பி முட்டையிட்டது. வெறும் மாவு அடைத்ததில் புழு கொழுத்தது. புரதம் கலந்ததில்? தின்றது, செரிக்கவில்லை, செத்தது. பேராசிரியை செத்த புழுக்களை இரண்டாம் முறை எண்ணிப் பார்த்துவிட்டு என்னைத் தட்டிக்கொடுத்தார்.

சேதி சொல்ல அண்ணாச்சியிடம் போனேன். ஓட்டைப் பயறைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. கேப்ஸ்யூல் கதையைக் கேட்டதும் குரல் இறங்கியது.

"அந்தப் புரதத்த மனுசன் திங்கலாமா?"

"அதத்தான் இனிமே பாக்கணும். நாளாகும் அண்ணாச்சி. ஆனா வழி தெரியுது."

"பையவே பாரு. அதுக்கு இன்னும் வண்டு வேணுமோ?"

"நெறைய வேணும்."

கடையில் வேறு ஆள் இல்லையே என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். "உள்ள ஒரு மூட கெடக்கு. அள்ளிட்டுப் போ."

வண்டு இருக்கிறது என்று ஒருவர் வாயால் சொல்லிவிட்டார் — பாதி ஆராய்ச்சி முடிந்த மாதிரிதான்.