சாம்பல் பெட்டிக்குள் ஒரு முக்கோணம்

பிரவுசருக்குள் படங்களை ஓடவைக்கும் ஜாவா கிளம்பிப் போனது ஒரு புதன்கிழமை, மூன்றாம் பீரியடில். உலகத்தை விட்டு அது எப்போதோ போய்விட்டிருந்தது. குரோம்பேட்டையில் இருந்த அந்தத் தனியார் பள்ளிக்குத்தான் தகவல் சில வருடம் தாமதமாக வந்தது. கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொண்ட பாலு, எதையும் அப்டேட் செய்வதில்லை என்ற கொள்கையோடு வாழ்ந்தவர். அன்றைக்கு என்ன தோன்றியதோ, எல்லா மெஷினிலும் புது பிரவுசரைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

கணக்கு வாத்தியார் அனந்தகிருஷ்ணன் ஒன்பதாம் வகுப்பைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தால், அவருடைய படங்கள் இருந்த இடத்திலெல்லாம் சாம்பல் நிறப் பெட்டிகள்.

"பாலு, என் முக்கோணம் எங்கே?"

"நான் தொடவேயில்ல சார். அப்டேட்டு மட்டும்தான் பண்ணேன். இன்னா, பேஜாராக்கீதா?"

அனந்தகிருஷ்ணனின் வாழ்க்கைச் சாதனை அந்தப் பெட்டிகளுக்குள்தான் இருந்தது. சக ஆசிரியர்கள் முடிச்சூரில் மனை வாங்கிப்போட்ட வருடங்களில், அவர் இணையத்தில் வடிவியல் படங்கள் வரைந்து போட்டார். மனைகள் வெள்ளத்தில் மூழ்கின, விலையும் ஏறின. படங்கள் மூழ்கவில்லை, அவற்றை விலை கேட்கவும் யாரும் வரவில்லை. ஆனால் அந்தப் படங்களில் ஒரு சிவப்புப் புள்ளியை மவுஸால் பிடித்து இழுக்கலாம். அரைவட்டத்தின் மேல் புள்ளி எங்கே ஓடினாலும் கோணம் செங்கோணமாகவே நிற்கும். வாத்தியார் வாயால் சொன்னதை நம்பாத பிள்ளைகள், தங்கள் கையால் இழுத்துப் பார்த்து நம்பினார்கள். புதன்கிழமை பீரியடே அதற்காகத்தான்.

அந்தப் பீரியடின் மேல் இப்போது வேறொருவர் கண் விழுந்தது. ரெடிமேட் பாட வீடியோ விற்கும் கம்பெனி ஒன்று பள்ளியின் கரஸ்பாண்டென்ட் லோகநாயகியைப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. பள்ளி நிற்கும் இடம் ஒரு காலத்தில் அவர் குடும்பத்தின் நெல்வயல். ஆகவே எதை எங்கே பயிரிடலாம் என்பது அவருக்குப் பரம்பரையாகவே தெரியும்.

"சார், விஜயதசமி வரைக்கும் பார்க்கறேன். அன்னிக்கு உங்க படம் ஓடுச்சுன்னா பீரியட் உங்களுக்கு. ஓடலைன்னா வீடியோவுக்கு. நல்ல நாள்ல முடிவு பண்ணிடலாம்."

அனந்தகிருஷ்ணன் சிட்லபாக்கத்தில் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். பழைய படங்கள் ஒவ்வொன்றின் செய்முறையும் இணையப் பக்கத்துக்குள் எழுத்தாகவே கிடந்தது. சமையல் குறிப்பு இருக்கிறது, அடுப்பைத்தான் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தக் குறிப்பைப் படித்து, புது பிரவுசருக்குள் படத்தை மறுபடி வரைந்து தரும் ஒரு எக்ஸ்டென்ஷன், பிரவுசரோடு ஒட்டவைக்கும் சின்ன நிரல், செய்தால் போதும். போதும் என்று நினைப்பது எப்போதுமே சுலபம்.

"ஏன்னா, அந்த வீடியோலயும் முக்கோணம் இருக்குமே?" என்றார் மனைவி ரோஹிணி. காய் நறுக்க மேசை கிடைக்காத கடுப்பு அவருக்கு.

"இருக்கும். இழுக்க முடியாது."

"அதான் நீங்க ஆத்துல எல்லா வேலையையும் இழுத்துண்டு இருக்கேளே, போறாதா?"

முதலில் உயிர்பெற்ற முக்கோணம் தலைகீழாக வந்தது. "வவ்வாலு மாதிரி தொங்குது சார்" என்று பாலு ஆறுதல் சொன்னார். அதை நிமிர்த்தினால் எழுத்துகள் கிறுக்கலாக வந்தன. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருவில் அடித்தவை அவை. புது பிரவுசர் அவற்றை அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக வாசித்துக் காட்டியது. எல்லாவற்றையும் மாற்றி, கோணங்களின் தசமத்தை முழு எண்ணாக்கி, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியதுபோல் எக்ஸ்டென்ஷனைத் தயார்செய்து முடித்தபோது ஆயுத பூஜை வந்துவிட்டது.

பூஜையன்று லோகநாயகி தன் கையாலேயே ஒவ்வொரு மானிட்டருக்கும் சந்தனக் குங்குமப் பொட்டு வைத்தார். மறுநாள் விஜயதசமி. வீடியோ கம்பெனிக்காரர்கள் பழத்தட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். முதல் கம்ப்யூட்டரில் அரைவட்டம் பளிச்சென்று நின்றது.

"சிவப்புப் புள்ளியை இழுங்க மேடம்."

லோகநாயகி மவுஸைப் பிடித்தார். திரையில் இருந்த சிவப்பிலேயே பெரிய சிவப்பைத் தேர்ந்தெடுத்து இழுத்தார். அது வரவில்லை. இன்னும் அழுத்தி இழுத்தார்.

"நகரலையே சார்."

அது அவர் நேற்று வைத்த பொட்டு. வேறு எந்த மனிதராக இருந்தாலும் "பக்கத்துல சின்னதா இருக்கு பாருங்க மேடம்" என்று சொல்லியிருப்பார். அனந்தகிருஷ்ணன் கணக்கு வாத்தியார். தப்பான புள்ளியைக் கண்டால் அழிப்பதுதான் அவருக்குப் பழக்கம். பையிலிருந்து கர்ச்சீஃபை எடுத்தார், எச்சில் தொட்டார், துடைத்தார்.

லோகநாயகி மவுஸை விட்டுவிட்டுப் பதறினார்.

"குங்குமத்தையா சார் அழிக்கறீங்க? அதுவும் இன்னிக்கு? எங்க வீட்டுக்காரர் இப்பத்தான் கார்ல மதுரைக்குக் கிளம்பியிருக்கார்!"

"மேடம், இப்ப இழுத்துப் பாருங்க, நகரும்" என்றார் அவர், இன்னும் ஒன்றும் புரியாமல்.

லோகநாயகி மவுஸைத் தொடவில்லை. கம்பெனிக்காரர்களில் ஒருவர் ஓடிப்போய்ப் புதுக் குங்குமம் கொண்டுவந்து அவரிடம் பவ்யமாக நீட்டினார். ஒப்பந்தம் அந்த நொடியிலேயே முடிந்துவிட்டது, கையெழுத்து பிறகு போட்டார்கள்.

லோகநாயகியின் கணவர் மதுரையிலிருந்து சௌக்கியமாகத் திரும்பி வந்தார், கொஞ்சம் பூசினாற்போலக்கூட இருந்தார். பீரியட் திரும்பி வரவில்லை. புதன்கிழமைகளில் ஒன்பதாம் வகுப்பு கைகட்டி உட்கார்ந்து, ஓர் அழகான பெண்குரல் செங்கோணத்தை விளக்குவதைக் கேட்டது. சந்தேகம் கேட்க அதில் வசதி இல்லாததால், சந்தேகங்களே இல்லை என்று கம்பெனி அறிக்கை கொடுத்தது.

அனந்தகிருஷ்ணன் எக்ஸ்டென்ஷனை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் போட்டுவைத்தார். பயன்படுத்துவோர் ஒருவர் என்று அது காட்டியது. அந்த ஒருவர் யார் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. பிறகு ஓய்வு பெற்றார். ரோஹிணிக்கு மேசை திரும்பக் கிடைத்தது. பிள்ளைகள் யாராவது ஒரு புள்ளியை இழுக்கிறார்களா என்று பார்ப்பதை அனந்தகிருஷ்ணன் விட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டார். மாதத்துக்கொரு முறை அந்த எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டும் இருந்தார்.

சில வருடங்கள் கழித்து, தாம்பரம் ஸ்டேஷனில் நின்றிருந்தபோது, எக்ஸ்டென்ஷன் பக்கத்தின் வழியாகப் போனுக்கு ஒரு செய்தி வந்தது. வந்த ரயிலை விட்டுவிட்டு, அதை நின்றபடியே மூன்று முறை படித்தார்.

"வணக்கம் சார். நான் ஜெரூஷா, அனகாபுத்தூரில் கணக்கு டீச்சர். உங்கள் முக்கோணத்தை என் ஏழாம் வகுப்பு இழுத்து இழுத்து ஓர் இடத்தில் நிறுத்தியிருக்கிறது. மூன்று கோணத்தையும் கூட்டினால் 181 டிகிரி காட்டுகிறது. நானும் புத்தகமும் கூட்டாகப் பொய் சொன்னோம் என்கிறார்கள். இன்று மவுஸுக்குச் சண்டை வேறு. அடுத்த பாடத்துக்குப் போகவே விடமாட்டேன் என்கிறார்கள். தயவுசெய்து உடனே சரிசெய்யவும்."